அம்மா பூசை வைத்த கர்தினால்

கர்தினாலைப் பற்றி எங்கள் வீட்டில் ஆளுக்கோர் அபிப்பிராயம் முளைக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால், தங்கச்சிக்குப் புவியியலை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒதுங்கியிருப்பேன்.

தங்கச்சி உயர்தரப் பரீட்சையில் இரண்டு முறையும் வரலாற்றில் தவறினாள். மற்ற இரண்டு பாடங்களும் நன்றாகவே வந்தன. பல்கலைக்கழகத்துக்கு எடுபட வேண்டுமானால் மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது முறை நவம்பர் கடைசியில் வந்தது. அதிலும் தவறினால் அவள் எங்கே போவாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது கச்சான் காற்று அடிக்கும் ஒரு காலத்தில் அப்பாவின் வள்ளம் மூன்று நாள் கரைக்கு வரவில்லை. அம்மா மாதா கோயிலுக்கு நடந்து போய், அவர் திரும்பி வந்தால் ஒரு பெண்பிள்ளையைக் கன்னியர் மடத்துக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். இயந்திரம் பழுதாகித் தெற்கே இழுபட்டுப்போன அப்பா, வேறு ஊர் வள்ளமொன்றின் பின்னால் கட்டப்பட்டு நான்காம் நாள் வந்து சேர்ந்தார். அப்போது வீட்டில் இருந்த ஒரே பெண்பிள்ளை நான். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் நான் மடத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. நேர்த்தி மட்டும், ஒருவரும் பேசாமலேயே, எனக்குப் பின்னால் பிறந்தவளின் தலைக்கு இடம் மாறியது. முதல் முறை தவறியபோது அம்மா, "மாதாவிட விருப்பம் என்னவோ" என்றார். இரண்டாம் முறை மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்து தேநீர் குடித்துவிட்டு, சும்மா வந்து பார்க்கச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளை அம்மா அலுமாரியில் சேலைக்குக் கீழே வைத்தார்.

தங்கச்சிக்கு ஆசிரியையாக வேண்டும். அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

அதனால்தான் நான் இதில் இறங்கினேன். நான் படித்தது சிவில் தொழில்நுட்பம். புத்தளத்தில் ஓர் அலுவலகத்தில் வீதிக்கும் மதகுக்கும் கரைக்குப் போடும் கல்லணைக்கும் அளவெடுத்து வரைபடம் செய்கிறேன். வரலாறு எனக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பாடமானாலும் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதினால் பிடிபட்டுவிடும் என்று நம்புகிறவள். எங்கள் ஊரான கண்டக்குழியிலிருந்து பாலாவி வரைக்கும் ஒரு பஸ், பாலாவியிலிருந்து இன்னொரு பஸ். அந்தப் பயணங்களில் கடந்தகால வினாத்தாள்களை வைத்துக்கொண்டு எந்தப் பகுதியிலிருந்து எத்தனை கேள்வி வந்திருக்கிறது என்று அட்டவணை போட்டேன். ஐரோப்பியப் பகுதியில் தங்கச்சி எப்போதும் தடுமாறுகிற இடம் ஒன்று இருந்தது: பிரான்சில் அரசனின் அதிகாரம் பெருகிய காலம். அதன் நடுவில் ஒரு கர்தினால் இருந்தார். அவரைப் படித்தால் முன்னும் பின்னும் தானாக வரும் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு பெரிய தாளில் ஏழு குறிப்புகள் எழுதிச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டினேன். குடும்பத்தின் கையில் இருந்த ஆயர் பதவியை, அண்ணன் துறவு மடத்துக்குப் போனதால், இளமையிலேயே ஏற்றது. அரசனின் தாயுடைய ஆதரவில் அரண்மனைக்குள் வந்தது, பிறகு அதே தாயைத் தோற்கடித்தது. அரசனின் முதல் மந்திரியானது. பிரபுக்களின் கோட்டைகளை இடிப்பித்தது, அவர்கள் வாள்சண்டை போடுவதைத் தடுத்தது. சீர்திருத்தச் சபையினரின் துறைமுக நகரத்தைக் கடலில் மதில் கட்டி முற்றுகையிட்டது. கத்தோலிக்கப் பேரரசனுக்கு எதிராகச் சீர்திருத்தச் சபை நாடுகளோடு கூட்டுச் சேர்ந்தது. மொழிக்கென்று ஒரு கழகம் அமைத்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி விளக்கம். சுத்தமாக இருந்தது. அந்தத் தாளைப் பார்க்க எனக்கே திருப்தியாக இருந்தது.

முதல் ஞாயிறு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்தாவது குறிப்பில் அப்பா நுழைந்தார். வலையின் கண்ணி பார்த்துக்கொண்டு கதவடியில் உட்கார்ந்திருந்தவர், நான் சத்தமாகப் படித்ததைக் கேட்டுவிட்டார்.

"கடலுக்குள்ள மதிலா? எத்தின பாகம் தண்ணி?"

"அது பாடத்தில இல்ல அப்பா."

"ஆழம் தெரியாம என்னண்டு மதில் கட்டுறது? நீயும் கல்லுப் போடுற கந்தோரிலதானே வேலை செய்யிறாய்."

"கப்பலுக்குள்ள கல்லை நிரப்பித் தாட்டு, அதுக்கு மேல கட்டினது."

அப்பா வலையைக் கீழே வைத்தார். "அப்ப நடுவுல வாய் விட்டிருக்க வேணும். இல்லாட்டி நீரோட்டம் எல்லாத்தையும் வாரிக்கொண்டு போயிரும்."

நடுவில் வழி விட்டுத்தான் கட்டினார்கள். நான் அதை இன்னும் சொல்லியிருக்கவில்லை. தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். தேவையில்லாமல் நான் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து காட்டினேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கச்சான் அடிச்சா நிக்காது இது."

"நிண்டது அப்பா. ஊர் பட்டினியில விழுகிற வரைக்கும் நிண்டது."

"பிறகு?"

பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் பஸ்ஸில் தேடிப் பார்த்தேன். நகரம் சரணடைந்து சில நாளிலேயே ஒரு புயல் அந்த மதிலின் ஒரு பகுதியை உடைத்துவிட்டது. இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அன்றிலிருந்து அப்பா கடற்கரையில் கண்டவர்களிடமெல்லாம் அந்த மதிலைப் பற்றிக் கதைக்க ஆரம்பித்தார். மாலையில் இரண்டு பேர் எங்கள் வாசலுக்கே வந்து படத்தைக் கேட்டார்கள்.

அம்மாவுக்கு மதில் பிரச்சினையில்லை. ஒரு சாமியார் அதைக் கட்டினார் என்பதுதான் பிரச்சினை.

"புத்தகம் எழுதினவன் எங்கட வேதக்காரனா இருக்கமாட்டான். குருவானவர் ஒராள் சனத்தைப் பட்டினி போடுவாரா?"

"அவங்கள் எங்கட சபை இல்லையேம்மா" என்றாள் தங்கச்சி.

"கடற்கரை ஆக்கள்தானே" என்றார் அப்பா. அதோடு அவர் நகரத்தின் பக்கம் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டார்.

நான் விடயத்தை முடிப்பதற்காகக் கர்தினாலின் மரணத்துக்குத் தாவினேன். அதுதான் என் பெரிய பிழை. அவர் மரணப் படுக்கையில் கிடந்தபோது, பகைவர்களை மன்னிக்கிறீர்களா என்று குருவானவர் கேட்டாராம்; நாட்டின் பகைவர்களைத் தவிரத் தனக்கு வேறு பகைவர் இருந்ததேயில்லை என்று அவர் சொன்னாராம். இப்படி ஒரு கதை உண்டு. விடைத்தாளின் கடைசி வரிக்கு நல்ல அலங்காரமாக இருக்கும் என்றுதான் அதை எடுத்து வைத்திருந்தேன்.

அம்மா அரிசி களைந்த கையோடு வந்து நின்றார். "அப்ப மன்னிக்கல்ல."

"மன்னிக்க ஆளே இல்லை எண்டு சொல்றார் அம்மா."

"அது மன்னிப்பு இல்ல. அது கோர்ட்டில கதைக்கிற கதை. அப்படியே செத்துட்டாரா?"

"ஓம்."

"அவருக்குப் பிள்ளை குட்டியும் இல்ல. இவ்வளவு வருசமா ஆராவது ஒரு பூசை வச்சிருப்பாங்களா?"

"அம்மா, அவர் ஒரு நாட்டையே ஆண்டவர். எத்தனையோ பூசை வச்சிருப்பாங்க."

"நாடு வைக்கிறது வேற. மனசு வந்து வைக்கிறது வேற" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் ஆறாவது குறிப்பை எடுத்தேன்.

நவம்பர் மாதத்தில் எங்கள் கோயிலில் பீடத்துக்கு முன்னால் ஒரு பெட்டி வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இறந்தவர்களின் பெயர்களை எழுதி அதில் போடுவார்கள். அந்த ஆன்மாக்கள் பாவம் தீர்ந்து மோட்சம் சேர, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர் அவற்றை வாசிப்பார். அந்த மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்கள் வீட்டுத் தாளை அவர் எடுத்தார். என் அப்பப்பா, அம்மப்பா, கடலில் போன பெரியப்பா, குழந்தையிலேயே தவறிய ஒரு மாமி. அடுத்த பெயரில் ஃபாதர் நிறுத்தினார். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு அந்தக் கர்தினாலின் முழுப் பெயரை, பட்டத்தோடு, மிகக் கவனமாக வாசித்தார். அம்மா அதை என் தாளைப் பார்த்து ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, அது ஆர் வெள்ளைக்காரன்? லொட்ஜில தங்கினவனா?"

"இல்லடி. சின்னவள்ட பாடத்துல வாற கர்தினால்."

"ஐயோ பாவம். எப்ப தவறினவர்?"

"நானூறு வருசம் இருக்கும்."

"நானூறு வருசமா! இன்னுமா அந்த மனுசன் கரையேறல்ல?"

"பெரிய மந்திரியாம். ஆரையும் மன்னிக்காமப் போயிட்டார்."

"மந்திரியா? அப்ப இன்னும் நானூறு வருசம் எடுக்கும்" என்றார் பின்னால் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்தான். நான் சிரிக்கவில்லை. பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை.

ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். கண்டிக்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் சந்தோசமாக இருந்தார். குருமடத்தில் படித்த காலத்துக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்றார்.

"மகள், அவரைப் பத்திக் கெட்டதை மட்டும் படிப்பிக்க வேண்டாம். இளம் ஆயராகத் தன்ட மறைமாவட்டத்துக்கு நேரில போய் இருந்தவர். ஏழைப்பட்ட, சதுப்பு நிலமான இடம். அந்தக் காலத்துல கனபேர் போறதில்ல, தலைநகரத்திலேயே இருந்துகொள்ளுவாங்க. குருமாரைத் திருத்தினவர். ஞான உபதேசம்கூட எழுதினவர்."

"கேள்வி அவரிட அரசியலைப் பத்தித்தான் வரும் ஃபாதர்."

"ஓம், ஓம். ஆனா மனுசன் முழுசா விளங்க வேணுமே."

அடுத்த ஞாயிறு அவர் பிரசங்கமே அதைப் பற்றி வைத்தார். தன் மந்தைக்குள் போய் வாழ்ந்த ஒரு மேய்ப்பன், பின்னர் அதிகாரத்தின் ருசியில் எப்படி விழுந்தான் என்று இருபத்தைந்து நிமிடம். ஊர் முழுவதும் கேட்டது. அப்பாவின் கூட்டாளிகள் மதிலைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லையே என்று குறைப்பட்டார்கள்.

அன்று பின்னேரம் தங்கச்சியை உட்கார வைத்து ஒரு மாதிரி விடை எழுதச் சொன்னேன். நேரம் பார்த்தேன். அவள் எழுதிய தாளை வாங்கி வாசித்தேன். முதல் பந்தியில் அவர் சதுப்பு நிலத்து ஏழைகளின் மேய்ப்பர். இரண்டாம் பந்தியில் கல் நிரப்பிய கப்பல்களும் நீரோட்டமும் மதிலில் வழி விட வேண்டிய காரணமும், என் குறுக்குவெட்டுப் படம் சகிதம். முடிவுரையில் அவர் மன்னிக்காமல் இறந்தார் என்று இருந்தது. கோட்டை இடித்ததைக் காணவில்லை. மொழிக் கழகத்தைக் காணவில்லை. பேரரசனுக்கு எதிரான கூட்டையும் காணவில்லை.

எழுந்து போய் அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன்: பரீட்சை முடியும்வரை இந்த வீட்டில் கர்தினால் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. சத்தம் போடாமல்தான் சொன்னேன். அப்பா, மதில் என்று சொல்லலாமா என்று கேட்டார்.

திரும்பி வந்தபோது தங்கச்சி என் ஏழு குறிப்புகளைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் விரித்து வைத்திருந்தாள்.

"அக்கா, இந்த முதலாவது ஏன் முதலாவதா இருக்கு?"

"காலவரிசை."

"பிறகு ஏன் இதைப் பத்தி ரெண்டு வரி மட்டும்?"

"அதுக்குப் புள்ளி குறைவு."

"அண்ணன்காரன் மடத்துக்குப் போறன் எண்டு ஆயர் பதவியை விட்டிட்டார். குடும்பத்துக்குச் சொந்தமான கதிரை, சும்மா விட ஏலாது. பட்டாளத்துக்குப் போகப் படிச்சுக்கொண்டிருந்த தம்பியைப் பிடிச்சு இருத்திட்டாங்க. அப்படித்தானே?"

"ஓம்."

"எங்கட வீட்டுல மாதிரி."

அதற்கு முட்டாள்தனமாகத்தான் பதில் சொன்னேன்: "அங்க மூத்தவன் மடத்துக்குப் போனவன். இங்க மூத்தவள் போகமாட்டன் எண்டவள். ஒப்பீடு சரியில்ல."

"அடுத்த ஆள்ட தலையில விழுந்தது சரிதானே."

"அவர் அதால கெட்டுப் போகல்லையே. ஒரு நாட்டையே கையில எடுத்தார்."

"எனக்கு நாடு தரமாட்டாங்க அக்கா. குசினியைத்தான் தருவாங்க."

அவள் அழவில்லை. கோபமாகவும் இல்லை. பென்சிலை எடுத்து என் தாளிலேயே கோடு போட ஆரம்பித்தாள். சின்னக் குடும்பம், ஒரு பதவியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் பிறப்பால் எல்லாம் கிடைத்த பிரபுக்களை அவருக்குப் பிடிக்காது. அதனால் கோட்டை இடிப்பு. தனக்கென்று ஆள்பலம் இல்லை. அதனால் அரசன் ஒருவனை மட்டும் பிடித்துக்கொண்டார், அரசனைவிடப் பெரிதாக யாரும் இருக்கக் கூடாது. அதனால் துறைமுக நகரமும் விழ வேண்டும், அரசனின் தாயும் விழ வேண்டும். சபை அவருக்குப் போட்டுவிட்ட சட்டை. அதனால் சபைக்கு எதிரானவர்களோடும் கைகோர்க்க முடிந்தது. இது எந்தப் புத்தகத்திலும் இப்படி இல்லை என்று சொன்னேன். பாதி ஊகம் என்றும் சொன்னேன்.

"ஊகமா இருக்கட்டும். எனக்கு மறக்காது. உன்ட ஏழும் எனக்கு ஏழு பஸ் நம்பர் மாதிரி. ஒண்டுக்கும் ஒண்டுக்கும் தொடர்பில்ல."

கடைசி ஒரு வாரம் அவள் சொன்ன ஒழுங்கில்தான் படித்தோம். நான் ஆண்டுகளைத் திருத்தினேன். எங்கே அவள் அளவுக்கு மீறிப் போனாளோ அங்கே பிடித்து நிறுத்தினேன். எனக்குப் பிடிக்கவேயில்லை. ஒரு கட்டடத்தை அத்திவாரத்திலிருந்து இல்லாமல் வீட்டுக்காரனின் மனநிலையிலிருந்து விளக்குவது போல இருந்தது.

வரலாற்றுப் பரீட்சை அன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பாலாவியில் அவளுக்காகக் காத்திருந்தேன். சீமெந்து லொறிகளின் தூசுக்குள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

"வந்ததா?"

"வந்தது. அரசனிட அதிகாரத்தை ஒருமுகப்படுத்தினதுல அவரிட பங்கு."

"ஏழு குறிப்பையும் எழுதினியா?"

"ஆறு. மொழிக் கழகம் மறந்துபோச்சு."

"எப்பிடித் தொடங்கினாய்?"

"அவங்கட அண்ணன்ல இருந்து."

அரைப்பக்கம் வீண் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் போகிற கல்பிட்டி பஸ் வரும்வரை ஒரு மணித்தியாலம் நின்றோம். அவள் கடலைச் சுருள் ஒன்று வாங்கி, எனக்கும் கொஞ்சம் கொட்டித் தந்தாள்.

பெறுபேறு வர மாதங்கள் ஆயின. ஒரு காலையில் நான் அலுவலகத்தில் இருக்கும்போது அவள் பெறுபேற்றைத் திரையிலிருந்து படமெடுத்து அனுப்பினாள். வரலாற்றுக்கு 'சி'. மற்ற இரண்டும் முன்பைவிட நன்றாக. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வரும்வரை எதுவும் நிச்சயமில்லை என்றாலும், விண்ணப்பிக்கலாம். நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, பாதியில் விட்ட மதகின் அளவுகளை முடித்தேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா அழுது முடித்திருந்தார். சந்தோச அழுகைதான் என்று தங்கச்சி சொன்னாள். தேநீர் ஊற்றிக்கொண்டே அம்மா கேட்டார்: "அப்ப நேர்த்தி?"

அவ்வளவு நாளும் நான் பொறுமையாகவே இருந்திருந்தேன். அந்த ஒரு சொல்லில் பொறுமை போய்விட்டது. அம்மாவின் கையிலிருந்த கேத்தலை வாங்கி மேசையில் வைத்தேன். "வாங்க" என்று கையைப் பிடித்து அப்படியே கோயிலுக்குப் பக்கத்தில் ஃபாதர் தங்கும் அறைவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் அம்மா, "முகத்தைக் கழுவ விடடி, தலையை வாரி இழுக்க விடடி" என்றுகொண்டே வந்தார்.

ஃபாதர் முழுவதையும் கேட்டார். அப்பாவின் வள்ளம், மூன்று நாள், மாதா கோயில், ஒரு பெண்பிள்ளை. கேட்டு முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அம்மா, இன்னொருத்தரிட வாழ்க்கையை நீங்க நேர ஏலாது. நேர்த்தி நேர்ந்தவரைத்தான் கட்டும். பிள்ளைகளைக் கட்டாது."

"இது எப்ப இருந்து ஃபாதர்?" என்று நான் கேட்டேன்.

"எப்பவும் அப்படித்தான் மகள். சபைச் சட்டம்."

எப்பவும் அப்படித்தான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தப் பங்கில் ஐந்து ஃபாதர்மார் மாறியிருக்கிறார்கள். கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் ஆறு நிமிடம். அம்மா ஒவ்வொரு மாதமும் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். நானோ, எந்த வேலைக்கும் முதலில் விதிமுறையைக் கேட்டு வாங்குகிறவள். ஒருவரும் போய் இதைக் கேட்கவில்லை. மாதாவிடம் வாய்விட்ட காரியத்தை மனிதர்களிடம் விசாரிப்பது எங்கள் கரையில் வழக்கமில்லை, அவ்வளவுதான் காரணம். அதற்காக ஒருத்தி மாதக்கணக்கில் அந்தத் தாள் கிடந்த அலுமாரியைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள்.

திரும்பி வரும்போது அம்மாவுக்கு நிம்மதி வந்திருக்கும் என்று நினைத்தேன்.

"ஃபாதருக்கென்ன. நான் அவருக்கா நேர்ந்தன்?" என்றார்.

"அம்மா!"

"சரி சரி. நேர்ந்தவரைத்தான் கட்டும் எண்டாரே. கேட்டுக்கொண்டுதானே இருந்தன்."

அதற்கு என்ன பொருள் என்பது சனிக்கிழமை தெரிந்தது. நான் எழும்பியபோது அம்மா நல்ல சேலை உடுத்தி, மீன் வெட்டும் கத்தியைப் பழந்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மடத்தில் சமைக்கப் போகிறாராம். இனிச் சனிக்கிழமை ஒவ்வொன்றும் போவாராம். எத்தனை சனிக்கிழமை, எப்போது முடியும், யாரிடம் கேட்டு முடிவெடுத்தது என்று கேட்டேன். அது தனக்கும் மாதாவுக்கும் உள்ள கதை என்றார். அந்தச் சிஸ்டர்மாருக்குப் பாரை மீனைத் துண்டுபோடத் தெரியாது, எலும்போடு நசுக்கி வைக்கிறார்கள் என்றும் சொன்னார். அதை எப்படித் தெரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை.

பஸ் ஏறும்போது ஜன்னலால் எட்டி, "அப்பாவுக்குப் புளி குறைய வை" என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் நான் சமைக்கிறேன். தங்கச்சி தேங்காய் துருவுகிறாள், அப்பா குறை சொல்கிறார்.